ஆப்பிரிக்க சாம்பியன்ஸ் லீக் கோப்பை: தென்னாப்பிரிக்கத் தமிழர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

டர்பனின் சாட்ஸ்வர்த்திலோ ஃபீனிக்ஸிலோ சனிக்கிழமை சாயங்காலம் தெருவில் இறங்கினால் லிவர்பூல், மான்செஸ்டர் யுனைடெட், ஆர்சனல் ஜெர்சிகள்தான் கண்ணில் படும். ஐரோப்பியக் கோப்பையை யார் எத்தனை முறை வென்றார்கள் என்று பத்து வயதுப் பிள்ளை கூடக் கடகடவென்று ஒப்பிக்கும். நம் நாட்டு கிளப்புகள் ஆடும் ஆப்பிரிக்கக் கோப்பையைப் பற்றிக் கேட்டால் பெரியவர்களே விழிக்கிறார்கள். தமிழ் வகுப்புப் பிள்ளைகளும், ஜொகன்னஸ்பர்க்குக்குப் புதிதாக வேலைக்கு வந்த நண்பர்களும், எங்கள் வீட்டு மாமாக்களும் அவ்வப்போது கேட்ட கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். ஐரோப்பாவை யாரும் விட வேண்டாம், இதையும் கொஞ்சம் பாருங்கள் என்பதுதான் என் கட்சி.

இது எந்தக் கோப்பை?

ஆப்பிரிக்க நாடுகளின் முன்னணி கிளப்புகள் மோதும் போட்டியில் முதலிடம் பிடிப்பவருக்குக் கிடைப்பது. நடத்துவது ஆப்பிரிக்கக் கால்பந்துக் கூட்டமைப்பு, சுருக்கமாக காஃப். 1964-ல் தொடங்கியது. முதல் இறுதியாட்டம் 1965-ல் கானாவின் அக்ரா நகரில் நடந்தது. கேமரூனின் ஓரிக்ஸ் டூவாலா, மாலியின் ஸ்டாட் மாலியனை 2-1 என்று வென்றது. 1997 முதல்தான் குழுச் சுற்றும் சாம்பியன்ஸ் லீக் என்ற பெயரும்.

பஃபானா பஃபானா 1996-ல் வென்றதும் இதுவும் ஒன்றா?

இல்லை. பஃபானா பஃபானா நம் தேசிய அணி. அது வென்றது நாடுகள் ஆடும் ஆப்பிரிக்க நாடுகள் கோப்பை. இது கிளப்புகளுக்கு மட்டும்.

ஆரம்பத்தில் கொடுத்த அதே கோப்பையைத்தான் இன்னும் கொடுக்கிறார்களா?

இல்லை, அந்தக் கதை நன்றாக இருக்கும். முதல் கோப்பைக்குக் கானா அதிபர் குவாமே நக்ரூமாவின் பெயர். ஆப்பிரிக்கா ஒன்றாக நிற்க வேண்டும் என்று ஊர் ஊராகப் பேசியவர் அவர். கால்பந்தும் அதற்கு ஒரு வழி என்று நம்பினார். மூன்று முறை வெல்லும் கிளப் கோப்பையை நிரந்தரமாக வைத்துக்கொள்ளலாம் என்பது ஏற்பாடு.

1966-ல் நக்ரூமாவின் ஆட்சியை ராணுவம் கவிழ்த்தது. அவருக்கு அடைக்கலம் கொடுத்தது கினி நாடு. அதன் அதிபர் செக்கு டூரே அவரைத் தன் சக அதிபர் என்றே அறிவித்தார். நக்ரூமா 1972-ல் காலமானார். அதே ஆண்டுதான் கினியின் ஹஃபியா கோனாக்ரி கிளப் இந்தக் கோப்பையை முதல் முறை வென்றது. 1975-ல் இன்னொரு முறை. 1976-ல் மூன்றாவதும் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. இறுதி என்றால் இரண்டு ஆட்டம், ஒவ்வொருவர் ஊரிலும் ஒன்று. சொந்த ஊரில் 3-0 வெற்றி. அல்ஜியர்ஸ் போனால் எம்.சி. அல்ஜே அதே 3-0-ஐத் திருப்பிக் கொடுத்து, பெனால்டியில் கோப்பையைப் பிடுங்கிக்கொண்டது. ஹஃபியா விடவில்லை. 1977-ல் கானாவின் ஹார்ட்ஸ் ஆஃப் ஓக்கை இரண்டு ஆட்டங்களிலும் தோற்கடித்து நக்ரூமா கோப்பையை நிரந்தரமாக வாங்கிக்கொண்டது. கானா தலைவரின் பெயரில் இருந்த கோப்பை, ஒரு கானா கிளப்பை வீழ்த்தித்தான், அவர் கடைசிக் காலத்தில் தங்கியிருந்த நாட்டுக்குப் போய்ச் சேர்ந்தது.

அடுத்து வந்த கோப்பைக்கு செக்கு டூரேயின் பெயர். 1984, 1986, 1993 என்று மூன்று முறை வென்று அதை எகிப்தின் ஸமாலெக் எடுத்துக்கொண்டது.

ஆடாமலே கோப்பை வென்றவர்கள் உண்டாமே?

கடைசி ஆட்டத்தை ஆடாமல், ஆம். 1967-ல் கானாவின் அசாந்தே கோட்டோகோவும் காங்கோவின் ஆங்லெபேரும் மோதின. முதல் ஆட்டம் 1-1, இரண்டாவது 2-2. இன்னொரு ஆட்டம் கேமரூனில் வைத்துக்கொள்ளலாம் என்று முடிவானது. கோட்டோகோ வரவில்லை. ஆட்டம் இருக்கிற தகவலே அவர்கள் நாட்டுச் சங்கத்திலிருந்து ஒழுங்காக வந்து சேரவில்லை என்பார்கள். கோப்பை ஆங்லெபேருக்குப் போனது. இன்றைக்கு டி.பி. மஸேம்பே என்று நாம் சொல்கிற அதே கிளப்தான். 1968-லும் வென்றது, அந்த முறை ஆடியே.

கொடுத்த கோப்பையைத் திருப்பிக் கேட்ட கதை நிஜமா?

நிஜம். 2019 மே 31, துனிசியாவின் ராடெஸ் மைதானம். எஸ்பெரான்ஸும் மொராக்கோவின் வைடாட்டும். முதல் ஆட்டம் 1-1. இரண்டாவதில் எஸ்பெரான்ஸ் ஒரு கோல் முன்னே இருந்தபோது வைடாட் போட்ட கோலை நடுவர் செல்லாது என்றார். வீடியோவில் பாருங்கள் என்று வைடாட் வீரர்கள் சூழ்ந்துகொண்டார்கள். வீடியோக் கருவி வேலை செய்யவில்லை. அது வேலை செய்யாத விஷயமே அப்போதுதான் தங்களுக்குத் தெரியும் என்றார்கள் அவர்கள். நீண்ட நேரம் வாக்குவாதம் நடந்தும் வைடாட் ஆட்டத்தைத் தொடரவில்லை. நடுவர் முடித்து வைத்தார், எஸ்பெரான்ஸ் கோப்பையைத் தூக்கியது.

சில நாளில் காஃப் கூடி, வேறு நாட்டில் மறு ஆட்டம் நடத்துவோம், கோப்பையையும் பதக்கங்களையும் திருப்பித் தாருங்கள் என்றது. எஸ்பெரான்ஸ் லொசானில் உள்ள விளையாட்டு நடுவர் மன்றத்துக்குப் போனது. அப்படி உத்தரவு போட காஃப் செயற்குழுவுக்கு அதிகாரம் இல்லை என்று மன்றம் சொல்லிவிட்டது. விஷயம் திரும்ப காஃபின் சொந்தக் குழுக்களுக்கே வந்தது. கடைசியில் கோப்பை எஸ்பெரான்ஸிடமே நின்றது. ஒரு கல்யாணம் நடந்து முடிந்தபிறகு தாலியைத் திருப்பிக் கேட்ட மாதிரிதான் இருந்தது மொத்தமும்.

1993-க்கு முன்னால் நம் கிளப்புகள் பெயரே இல்லையே, ஏன்?

நிறவெறி ஆட்சி. 1957-ல் காஃப் உருவானபோது எகிப்து, சூடான், எத்தியோப்பியாவோடு தென்னாப்பிரிக்காவும் ஆரம்ப உறுப்பினர். ஆனால் எல்லா இனத்தாரும் கலந்த அணியை அனுப்ப மாட்டோம் என்று இங்கிருந்தவர்கள் அடம்பிடித்ததால் முதல் நாடுகள் கோப்பையிலேயே இடம் போனது. ஃபிஃபா 1961-ல் இடைநீக்கம் செய்தது, 1976-ல் வெளியேற்றியது, 1992-ல்தான் மறுபடி சேர்த்துக்கொண்டது. நம் அப்பா, தாத்தா காலத்து நல்ல ஆட்டக்காரர்கள் யாருக்கும் இந்தக் கோப்பையைத் தொட வாய்ப்பே இருந்ததில்லை.

ஓர்லாண்டோ பைரேட்ஸ் சின்னத்துக்கு மேலே இருக்கும் நட்சத்திரம்?

1995-க்காக. திரும்பச் சேர்த்துக்கொண்டு மூன்றே வருடத்தில் நம் கிளப் ஆப்பிரிக்காவின் உச்சிக்குப் போனது. இறுதியில் எதிரணி ஐவரி கோஸ்டின் அசெக் மிமோசாஸ். ஜொகன்னஸ்பர்க்கில் நடந்த முதல் ஆட்டம் 2-2. சொந்த மண்ணில் இரண்டு கோல் விட்டால் வெளி மைதானக் கோல் கணக்கில் (அது என்னவென்று கீழே சொல்கிறேன்) கதை முடிந்த மாதிரிதான். அபிஜானில் யாரும் பைரேட்ஸுக்கு வாய்ப்புக் கொடுக்கவில்லை. அங்கே ஜெரி சிகோசானா போட்ட ஒரே கோலில் 1-0. மார்க் ஃபிஷ், ஹெல்மன் ம்காலேலே எல்லாம் அந்த அணியில் இருந்தவர்கள். அதே 1995-ல்தான் ரக்பி உலகக் கோப்பையும் வந்தது. ரக்பியைத்தான் உலகம் நினைவில் வைத்திருக்கிறது. எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம் உண்டு.

“இரண்டாவது நட்சத்திரம்” என்று பைரேட்ஸ்காரர்கள் ஏங்குவது?

இன்னொரு முறை இதே கோப்பையை வெல்வதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். 2013-ல் இறுதிவரை போனார்கள். சொவேட்டோவில் அல் அஹ்லியோடு 1-1, கெய்ரோவில் 2-0 தோல்வி. 2025-ல் அரையிறுதியில் எகிப்தின் பிரமிட்ஸ் கிளப்பிடம் விழுந்தார்கள்.

மமெலோடி சன்டவுன்ஸ் வென்றது எப்போது? தோற்ற பிறகு வென்றதாகச் சொல்கிறார்களே?

2016. அந்த வருடம் காங்கோவின் வீட்டா கிளப்பிடம் தோற்று சன்டவுன்ஸ் வெளியே போயிருந்தது. வீட்டா கிளப் தகுதியில்லாத ஒரு வீரரை முந்தைய சுற்றில் இறக்கியிருந்தது தெரியவந்து அதை நீக்கினார்கள். சன்டவுன்ஸ் உள்ளே வந்தது. வந்தபிறகு யார் தயவிலும் ஜெயிக்கவில்லை. இறுதியில் ஸமாலெக்கை அட்டரிட்ஜ்வில் மைதானத்தில் 3-0 என்று புரட்டி எடுத்தார்கள். அலெக்சாண்ட்ரியாவில் 1-0 தோற்றும் மொத்தம் 3-1. கேப்டன் ஹ்லோம்போ கெகானா, கோலில் டெனிஸ் ஒன்யாங்கோ, முன்னால் பெர்சி டாவ், காமா பிலியாட், கீகன் டாலி. பயிற்சியாளர் பிட்சோ மொசிமானே.

மொசிமானேயைப் பற்றி இன்னும் ஒரு வரி. பிறகு அல் அஹ்லிக்குப் போய் 2020, 2021 இரண்டிலும் இதே கோப்பையை வென்றார். 2021-ல் அவர் வீழ்த்தியது நம் கைசர் சீஃப்ஸை.

2023-ல் சன்டவுன்ஸ் பிரிட்டோரியாவின் லாஃப்டஸ் மைதானத்தில் தூக்கியதும் இந்தக் கோப்பைதானே?

இல்லை! இதை வருடத்துக்கு நான்கு பேராவது என்னிடம் சண்டை பிடிக்கிறார்கள். அது ஆப்பிரிக்கக் கால்பந்து லீக் என்ற புதுப் போட்டி. எட்டு கிளப்புகள் ஆடின. இறுதியில் வைடாட்டை மொத்தம் 3-2 என்று வென்றார்கள். நல்ல வெற்றிதான், ஆனால் சாம்பியன்ஸ் லீக் கணக்கில் சேராது. 2025 முடிய தென்னாப்பிரிக்காவுக்கு இந்தக் கோப்பை இரண்டு முறைதான்: 1995, 2016.

2025-ல் அவ்வளவு கிட்டப் போய் என்ன ஆனது?

அரையிறுதியில் அல் அஹ்லியோடு பிரிட்டோரியாவில் 0-0. கெய்ரோவில் கடைசி நிமிடங்கள் வரை 1-0 என்று பின்தங்கியிருந்தவர்களுக்கு 90-வது நிமிடத்தில் எதிரணி வீரரே தன் வலைக்குள் பந்தைத் தள்ளி 1-1 ஆக்கிக் கொடுத்தார். வெளி மைதானத்தில் போட்ட கோல் கணக்கில் சன்டவுன்ஸ் இறுதிக்கு வந்தது.

இறுதியின் முதல் ஆட்டம் மே 24, லாஃப்டஸ் வெர்ஸ்ஃபெல்ட். லூகாஸ் ரிபெய்ரோ கோல் போட்டு 1-0. தொண்ணூறு நிமிடமும் தாண்டி, நடுவர் கூட்டிக் கொடுத்த நேரத்தில் நான்காவது நிமிடம். பெட்டிக்குள் பந்து வந்தது, பிரமிட்ஸின் வாலித் எல் கார்ட்டி கோலாக்கினார், 1-1. மொத்த லாஃப்டஸும் அப்படியே உட்கார்ந்துவிட்டது. இதே எல் கார்ட்டிதான் 2017 இறுதியில் வைடாட்டுக்காக, அதுவும் தலையால், அல் அஹ்லிக்கு எதிராக வெற்றிக் கோல் போட்டவர். இப்படிப்பட்ட ஆளை அந்த நேரத்தில் தனியாக விடலாமா? கெய்ரோவில் 2-1. பிரமிட்ஸுக்கு முதல் கோப்பை.

அரையிறுதியில் எந்தக் கணக்கு சன்டவுன்ஸைக் காப்பாற்றியதோ, இறுதியில் அதே கணக்கு பிரமிட்ஸ் பக்கம் திரும்பிவிட்டது. அந்தக் கடைசி நிமிடக் கோலால் கெய்ரோவுக்கு வெறும் 0-0 போதும் என்ற தெம்போடு போனார்கள்.

வெளி மைதானக் கோல் கணக்கு என்றால்?

இரண்டு ஆட்டத்தையும் கூட்டி கோல்கள் சமமாக வந்தால், எதிரியின் ஊரில் அதிக கோல் போட்டவர் ஜெயித்தவர். ஐரோப்பாவில் 2021-ல் இதை எடுத்துவிட்டார்கள். 2025-ல் இங்கே இருந்தது.

கைசர் சீஃப்ஸ்காரர்களிடம் இதைப் பற்றிப் பேசலாமா?

பேசலாம், அடி வாங்காத தூரத்தில் நின்று. 2021-ல் யாரும் எதிர்பாராமல் காசாபிளாங்காவில் நடந்த இறுதிக்குப் போய் 3-0 தோற்றார்கள். “எங்களுக்கு ஆப்பிரிக்கக் கோப்பை இல்லையா? 2001?” என்று உடனே கேட்பார்கள். நியாயம்தான். 2001-ல் அவர்கள் வென்றது மண்டேலா கோப்பை என்று அழைக்கப்பட்ட ‘கோப்பை வென்றோர் கோப்பை’, அதாவது உள்நாட்டுக் கோப்பைகளை வென்றவர்கள் ஆடிய போட்டி. அந்தப் போட்டி இப்போது இல்லை. நட்சத்திர விவாதம் மட்டும் என் மைத்துனர் வீட்டு பிராய் விருந்துக்கு யார் வந்தாலும் ஆரம்பித்துவிடும்.

நம்ம ஆட்கள் கிளப் ஏதாவது இதில் ஆடியிருக்கிறதா?

ஆடியிருக்கிறது, அதுவும் குழுச் சுற்றில். மானிங் ரேஞ்சர்ஸ்.

டர்பன் இந்தியர்களுக்குக் கால்பந்து புதிதல்ல. தென்னாப்பிரிக்க இந்தியக் கால்பந்துச் சங்கம் 1903-லேயே உருவானது. சாம் சைனா கோப்பை என்று மாகாணங்களுக்கு இடையே ஆடினார்கள். கரீஸ் ஃபவுண்டன் மைதானத்தில் ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் என்றால் ஊரே அங்கே. மானிங் ரேஞ்சர்ஸ் 1928-ல் தொடங்கிய கிளப். நிறவெறி ஆட்சியின் குடியிருப்புப் பகுதிச் சட்டத்தால் ஜனங்களை நகரத்திலிருந்து பிடுங்கி சாட்ஸ்வர்த்தில் கொண்டுபோய் வைத்தபோது, கால்பந்தும் கூடவே வந்தது. பின்னாளில் சாட்ஸ்வர்த் மைதானம் ரேஞ்சர்ஸின் வீடானது.

1996-97-ல் புதிய பிரீமியர் சாக்கர் லீக்கின் முதல் பருவம். சீஃப்ஸ், பைரேட்ஸ், சன்டவுன்ஸ் என்று எல்லாரையும் பின்னுக்குத் தள்ளி, பயிற்சியாளர் கோர்டன் இகெசண்டின் மானிங் ரேஞ்சர்ஸ் சாம்பியன். பெரிய பணம் இல்லை, பெரிய பெயர்கள் இல்லை. அதனால் 1998 சாம்பியன்ஸ் லீக்கில் இடம் கிடைத்தது. தகுதிச் சுற்றுகளைத் தாண்டி, எட்டு அணிகள் மட்டுமே இருந்த குழுச் சுற்றுக்குள் போனார்கள். குழுவில் உடன் இருந்தவர்கள் யார் பாருங்கள்: அசெக் மிமோசாஸ், மொராக்கோவின் ராஜா காசாபிளாங்கா, தான்சானியாவின் யங் ஆப்பிரிக்கன்ஸ். அசெக் குழுவில் முதலிடம் பிடித்து அந்த வருடக் கோப்பையையும் தூக்கியது. ராஜா அடுத்த வருடம் தூக்கியது.

2006-ல் கிளப்பின் உரிமம் கைமாறி கேப் டவுன் பக்கம் போய்விட்டது. இன்றைக்கு சாட்ஸ்வர்த் பையன்களிடம் பெயரைச் சொன்னால் தெரியவில்லை. லிவர்பூலின் 2005 இஸ்தான்புல் ஆட்டம் நிமிடம் நிமிடமாகத் தெரிகிறது. போகட்டும், குறை சொல்லவில்லை. ஆனால் அப்பாவோ பெரியப்பாவோ அந்தக் காலத்தில் மைதானத்துக்குப் போனவராக இருந்தால் ஒரு நாள் உட்கார வைத்துக் கேளுங்கள்.

அதற்கப்புறம் டர்பனிலிருந்து யாரும் போகவில்லையா?

அமாஸூலு போனது. 2020-21-ல் பென்னி மெக்கார்த்தி பயிற்சியில் லீக்கில் இரண்டாம் இடம். அடுத்த பருவத்தில் ஐந்து முறை சாம்பியனான டி.பி. மஸேம்பேயை வெளியேற்றிக் குழுச் சுற்றுவரை வந்தார்கள்.

ஐரோப்பியக் கோப்பையை வென்ற தென்னாப்பிரிக்கர் உண்டா?

அதே பென்னி மெக்கார்த்தி, 2004-ல் போர்ட்டோவோடு. அந்த ஓட்டத்தில் மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு எதிராக இரண்டு கோல் போட்டார். யுனைடெட் ஜெர்சி போட்ட மருமகனிடம் இதை மட்டும் மறக்காமல் சொல்லிவிடுங்கள்.

அதிக முறை வென்றது யார்?

கெய்ரோவின் அல் அஹ்லி, 2024 வரை 12 முறை. அடுத்து ஸமாலெக்கும் மஸேம்பேவும் தலா 5. வடக்கே பணமும் மைதானமும் ரசிகர் கூட்டமும் சேர்ந்து இருக்கின்றன. நல்ல வீரர்களை உடனே ஐரோப்பாவுக்கு விற்கவும் தேவையில்லை. சன்டவுன்ஸ் இதே வழியில்தான் போகிறது. பிரேசிலிலிருந்தும் மற்ற ஆப்பிரிக்க நாடுகளிலிருந்தும் ஆள் எடுக்கிறார்கள். நம் மற்ற கிளப்புகளுக்கு அந்த வசதி இல்லை.

கோப்பையோடு பணமும் உண்டா?

உண்டு. 2022-23 பருவத்தில் வென்றவருக்கு 40 லட்சம் அமெரிக்க டாலர். முன்பு 25 லட்சமாக இருந்தது. கண்டம் முழுக்கப் பறந்து ஆட வேண்டிய செலவை நினைத்தால் சிறிய கிளப்புகளுக்கு இது பெரிதில்லை. இங்கிருந்து மேற்கு ஆப்பிரிக்காவுக்குப் பல சமயம் நேர் விமானமே கிடையாது.

நம் நாட்டிலிருந்து யார் யார் போகலாம்?

பிரீமியர் லீக்கில் முதல் இரண்டு இடம். மூன்றாம் இடமும் உள்நாட்டு நெட்பேங்க் கோப்பை வென்றவரும் கான்ஃபெடரேஷன் கோப்பைக்குப் போவார்கள். அது ஒரு படி கீழே உள்ள போட்டி. அதிலும் பைரேட்ஸ் 2015, 2022 இரண்டு இறுதியிலும் தோற்றது, பாவம்.

கோப்பை வென்றால் அடுத்து எங்கே?

கான்ஃபெடரேஷன் கோப்பை வென்றவரோடு ஒரு சூப்பர் கோப்பை ஆட்டம். 2017-ல் சன்டவுன்ஸ் மஸேம்பேயை 1-0 வென்று அதையும் எடுத்தது. அப்புறம் ஃபிஃபா நடத்தும் கண்டங்களுக்கு இடையிலான போட்டி. இந்த வழியில் மிக உயரம் போனது 2010-ல் மஸேம்பே. பிரேசிலின் இன்டர்நேஷனலை 2-0 வீழ்த்தி கிளப் உலகக் கோப்பை இறுதிக்கே போனார்கள்.

பெண்களுக்கு இப்படி ஒரு கோப்பை உண்டா?

2021 முதல் உண்டு, முதல் ஆண்டே வென்றது சன்டவுன்ஸ் மகளிர் அணி. கெய்ரோவில் கானாவின் ஹசாகஸ் லேடீஸை 2-0. 2023-ல் மறுபடியும் வென்றார்கள், இறுதியில் ஸ்போர்ட்டிங் காசாபிளாங்காவை 3-0. ஆண்கள் அணி 2016-க்குப் பிறகு ஒன்பது வருடம் தேடியும் கிடைக்காததை இவர்கள் மூன்று வருடத்தில் இரண்டு முறை வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். அந்த ஆட்டங்களை ஏன் யாரும் கூடி உட்கார்ந்து பார்ப்பதில்லை என்று என் மகள் கேட்கிறாள். அடுத்த முறை எங்கள் வீட்டில் போடுகிறோம், சாட்ஸ்வர்த் பக்கம் இருப்பவர்கள் வரலாம்.